பாய்லருக்கு எந்தக் கட்டுப்பாடு போடுவது? ஹாரோ வீடு ஒன்றுக்காக உட்கார்ந்து பார்த்த கணக்கு

போன நவம்பரில் என் மனைவியின் தம்பி போன் பண்ணினான். லண்டனில் ஹாரோ பகுதியில் புதிதாக வாங்கிய வீட்டில் சுடுநீரை மட்டும் ஆன் செய்தாலும் ரேடியேட்டர்கள் எல்லாம் சேர்ந்து சுடுகின்றன, இரவு பதினொரு மணிக்குக் குழந்தையின் அறை கொதிக்கிறது என்றான். வந்து பார்த்த மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் வால்வை மட்டும் மாற்று என்றார், இன்னொருவர் இணையத்தோடு பேசும் தெர்மோஸ்டாட் போட்டால் எல்லாம் சரியாகும் என்றார், மூன்றாமவர் வெளிச் சுவரில் ஒரு சென்சார் வைக்க வேண்டும் என்றார். "அத்தான், எதைத்தான் போடுவது?" என்பதுதான் கேள்வி.

வீடு 1930களில் கட்டிய செமி, ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. மூன்று படுக்கையறை, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பத்து ரேடியேட்டர், அந்த நீரைச் சூடாக்கச் சமையலறையில் காஸ் பாய்லர், மாடியில் துணி அலமாரிக்குள் குளிக்க, கழுவச் சுடுநீரைச் சேர்த்து வைக்கும் செம்புச் சிலிண்டர். லண்டனில் இப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன, நம் ஆட்கள் நிறையப் பேர் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கிறோம், அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தச் சென்சாரைப் போட்டாலும், அது பாய்லரில் ஓடும் நீரின் சூட்டை மாற்றுகிறதா, அல்லது நெருப்பை ஏற்றி அணைக்க மட்டும் செய்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் அழகு, போனில் வரும் படம், குரலில் பேசுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்றால், ஹாலில் சுவரில் இருக்கும் பழைய தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். 20 டிகிரிக்குக் கீழே போனால் மூடும், மேலே போனால் திறக்கும். பாய்லருக்கு அது சொல்லக்கூடியது "எரி", "நில்" என்ற இரண்டு சொற்கள்தான், எவ்வளவு எரிய வேண்டும் என்று சொல்ல அதனிடம் வழியே இல்லை. பாய்லர் தன் முகப்பில் திருகி வைத்த சூட்டுக்கு, பெரும்பாலான வீடுகளில் 70 அல்லது 75 டிகிரிக்கு, நீரைக் கொண்டுபோகப் பார்க்கும். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலில் இருந்து புதிதாகப் பொருத்தும் காஸ் பாய்லர்கள் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த வகையின் பலன், புகையில் இருக்கும் நீராவி குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்வது. அது நடக்க, ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இன்னும் கீழே போகப் போக நல்லது. 75-ல் அனுப்பி 60-ல் திரும்பினால், விலை கொடுத்து வாங்கிய அந்தப் பலன் புகைக்குழாய் வழியே வெளியே போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. வெளியே மைனஸ் 2 இருக்கும்போது அந்த வீடு இழக்கும் வெப்பம் 6 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 20 வேண்டுமென்றால் வித்தியாசம் 22 டிகிரி. லண்டன் குளிர்காலத்தில் பல நாட்கள் வெளியே 8 டிகிரிதான், அப்போது வித்தியாசம் 12, தேவை மூன்றேகால் கிலோவாட் அளவுதான். பாய்லர் தன்னைக் குறைத்துக்கொள்ளக்கூடிய கடைசி அளவு 5 கிலோவாட் என்றால், அந்த நாட்களில் அது எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்துதான் ஆக வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எரிகிறது என்பதை நீரின் சூடும் கட்டுப்பாடும் முடிவு செய்கின்றன. என் வீட்டிலேயே, எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு மணி நேரத்தில் எட்டு முறை பற்றவைத்ததை எண்ணியிருக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி மாற்றுவது

முதல் வழி, வந்தவர் சொன்னபடி கெட்டுப்போன வால்வை மாற்றிவிட்டு அப்படியே விடுவது. அவன் வீட்டில் இருந்தது ஒய் பிளான். மூன்று வாய் கொண்ட ஒரே வால்வு, நடுநிலை வால்வு என்பார்கள். மின்சாரமே போகாதபோது சிலிண்டர் பக்கம் திறந்திருக்கும். வெள்ளை ஒயரில் மின்சாரம் வந்தால் நடுவில் போய் நிற்கும், சிலிண்டருக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து நீர் ஓடும். வெள்ளையோடு சாம்பல் ஒயரிலும் வந்தால் முழுக்க ரேடியேட்டர் பக்கம் திரும்பும். அவன் வீட்டு வால்வு நடுவிலேயே சிக்கிக்கொண்டிருந்தது, அதனால்தான் சுடுநீர் கேட்டால் ரேடியேட்டரும் சுட்டது. சாம்பல் ஒயர் "சுடுநீர் வேண்டாம்" என்று சொல்லும் ஒயர். சுடுநீர் தேவைப்படாத நேரமெல்லாம் அதில் 230 வோல்ட் நிற்கும், ஹீட்டிங் முடிந்த பிறகும் வால்வு மோட்டாரை அது பிடித்து வைத்திருக்கும், மோட்டார் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். இந்த வால்வின் தலைகள் சீக்கிரம் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எஸ் பிளான் இதைவிட எளிது. ஹீட்டிங்குக்கு ஒன்று, சிலிண்டருக்கு ஒன்று என இரண்டு வால்வு. பழுப்பில் மின்சாரம் வந்தால் மோட்டார் திறக்கும், நீலம் நியூட்ரல், சாம்பலில் எப்போதும் மின்சாரம், வால்வு முழுக்கத் திறந்ததும் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் அந்த மின்சாரத்தை ஆரஞ்சு வழியே பாய்லருக்கு அனுப்பும். வால்வு திறக்காமல் பாய்லர் எரியவே எரியாது என்பது இதில் உள்ள நல்ல ஏற்பாடு. அந்தச் சின்ன சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் மட்டும் யாரும் கேட்காமலே பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆரஞ்சில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த இரண்டில் எது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, எஸ் பிளான். இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். அவன் அடுத்த வருடம் மாடியில் அறை எடுத்து, பரணில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டு, தெரு மெயின் குழாயின் அழுத்தத்தில் ஓடும் சிலிண்டர் போடப் போகிறான். அந்தச் சிலிண்டரில் சூடு மீறினால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும், கையால் மட்டுமே மறுபடி போடக்கூடிய ஒரு கட்-அவுட் இருக்கும், அது விழுந்ததும் சிலிண்டருக்குப் போகும் வெந்நீர் நின்றே ஆக வேண்டும். நடுநிலை வால்வுக்கு மின்சாரத்தை வெட்டினால் அது சிலிண்டர் பக்கம்தான் திறந்து நிற்கும், வேண்டியதற்கு நேர் எதிர். அதனால் ஒய் பிளானில் அந்தச் சிலிண்டருக்குத் தனியாக இன்னொரு இரண்டு வாய் வால்வு போட்டாக வேண்டும். எஸ் பிளானில் சிலிண்டர் வால்வு தன் ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்ளும்.

இந்த வழியின் பலம், ஞாயிற்றுக்கிழமை இரவு கெட்டுப்போனாலும் எந்த ஹீட்டிங் இன்ஜினியரும் வந்து பார்த்துப் புரிந்துகொள்வார், உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். குறை நான் மேலே சொன்னதுதான். நீர் 75-ல்தான் ஓடும். முகப்பில் கையால் 55-க்கோ 60-க்கோ திருகி வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும், ஆனால் அதே நீர்தான் சிலிண்டருக்கும் போகிறது. சிலிண்டரில் லீஜனெல்லா கிருமி வளராமல் இருக்க 60 டிகிரி வேண்டும், 55-ல் ஓடும் நீரால் அதை 60-க்குக் கொண்டுவர முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் இனிச் சொல்லப்போகும் எதுவும் இந்த வீட்டில் முழுதாக வேலை செய்யாது, இதை வந்த மூன்று பேரில் ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை.

போனில் இயங்கும் தெர்மோஸ்டாட்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் பலவற்றுக்குள்ளே இருப்பது ஒரு ரிலே, பழைய தெர்மோஸ்டாட் செய்த அதே மூடு-திற வேலை. ஆளில்லாத நேரம் அணைக்கும், வேலையிலிருந்து வரும்போது ரயிலில் இருந்தே ஆன் செய்யலாம், அட்டவணை போடுவது எளிது. ஒழுங்கில்லாத வேலை நேரம் உள்ளவர்களுக்கு, ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு, அது உண்மையான உதவி. ஆனால் நீர் 75-ல் ஓடினால் 75-ல்தான் ஓடும். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த பாய்லர் பிளஸ் விதியைக் காட்டி "சட்டப்படி இது போட வேண்டும்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த விதி கூடுதலாகக் கேட்கும் நான்கு ஏற்பாடுகளில் ஒன்று என்பது காம்பி பாய்லருக்கு, அதாவது சிலிண்டர் இல்லாமல் குழாயைத் திறந்ததும் நீரைச் சூடாக்கித் தரும் பாய்லருக்குத்தான், சிலிண்டர் வைத்த அவன் வீட்டுப் பாய்லருக்கு அது பொருந்தாது. காம்பி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், அந்த நான்கில் வெளிச் சென்சாரும் ஒன்று, ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மட்டும்தான் வழி என்றில்லை.

ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் பேட்டரி போட்ட தலை வைத்து அறை அறையாகக் கட்டுப்படுத்துவதும் இந்த வகைதான். எல்லா அறையும் மூடி ஒரு சின்ன அறை மட்டும் சூடு கேட்டால், அந்த ஒரு ரேடியேட்டருக்காக முழுப் பாய்லரும் எரியும், ஒரு நிமிடத்தில் அணையும். அறைகளை மூடி மூடி வைப்பதைவிட எல்லாவற்றையும் திறந்து வைத்து நீரின் சூட்டைக் குறைப்பதே இந்த மாதிரி வீட்டுக்கு நல்லது.

இரண்டு ஒயரில் பேசுவது

இங்கேதான் விஷயம் தொடங்குகிறது. ஓப்பன்தெர்ம் என்பது தெர்மோஸ்டாட்டும் பாய்லரும் இரண்டே ஒயரில் பேசிக்கொள்ளும் முறை. தெர்மோஸ்டாட் வோல்டேஜை ஏற்றி இறக்கிப் பேசும், பாய்லர் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கிப் பதில் சொல்லும், தெர்மோஸ்டாட்டுக்கான மின்சாரமும் அதே ஒயரில் வரும். இரண்டு ஒயரில் எது எங்கே என்று பார்க்க வேண்டியதில்லை, மாற்றிப் போட்டாலும் வேலை செய்யும். 50 மீட்டர் வரை இழுக்கலாம். வினாடிக்கு ஒரு தடவையாவது பேச்சு நடக்கும். அறை 19.6, வேண்டியது 20 என்றால் "42 டிகிரி நீர் போதும்" என்று தெர்மோஸ்டாட் சொல்லும், அறை 16 என்றால் 65 கேட்கும். பாய்லர் திரும்பச் சொல்வதும் உண்டு: போகும் நீரின் சூடு, நெருப்பு எத்தனை சதவீதம், சில பாய்லர்களில் திரும்பும் நீரின் சூடும் நீர் அழுத்தமும்.

ஆனால் எல்லாப் பாய்லரும் இந்த மொழி பேசாது. வைலண்ட் நிறுவனம் ஈபஸ் என்று தன் மொழி வைத்திருக்கிறது, வுஸ்டர் பாஷ் நிறுவனம் ஈஎம்எஸ் என்று தன் மொழி. அவற்றுக்கு அவர்களுடைய கட்டுப்பாட்டையே வாங்க வேண்டும், வேலை அதேதான், தேர்வு குறைவு, விலை கூடுதல். அதனால் தெர்மோஸ்டாட்டைப் பார்த்து மயங்கும் முன் உங்கள் பாய்லரின் நிறுவல் கையேட்டில் ஒயரிங் பக்கத்தைத் திறந்து, எந்த முனைகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

இந்த இடத்தில் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான்கு வருடம் முன்னால் எனக்கு ஓப்பன்தெர்ம் போட ஒருவர் வந்தார். பாய்லரின் கீழ்ப் பெட்டியில் ஒரு பச்சைக் கனெக்டர், அதில் பக்கத்துப் பக்கத்தில் ஆறு திருகு. இரண்டு 230 வோல்ட் தெர்மோஸ்டாட்டுக்கு, இரண்டு ஓப்பன்தெர்முக்கு, இரண்டு வெளிச் சென்சாருக்கு. ஹாலில் இருந்து வந்த பழைய மூன்று கோர் கேபிளையே அவர் புதிய தெர்மோஸ்டாட்டுக்குப் பயன்படுத்தினார், அதில் தப்பு இல்லை. ஆனால் மாடி அலமாரியில் இருந்த இணைப்புப் பெட்டியில் அந்தக் கேபிளின் பழுப்பு ஒயர் இன்னும் 230 வோல்ட் முனையிலேயே இருந்தது. சுவிட்சைப் போட்டார். சத்தம் கூடப் பெரிதாக இல்லை, டிக் என்று ஒன்று, அப்புறம் லேசான ஒரு கருகல் வாசனை, திரை இருண்டு போனது. டிசம்பர் 19. புது போர்டு வர ஒன்பது நாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எண்ணெய் ஹீட்டர் இரண்டில் அந்த ஒன்பது நாளை ஓட்டினோம். அதற்குப் பிறகு நான் யார் வந்தாலும் பக்கத்தில் நிற்கிறேன், பழைய கேபிளின் இரண்டு முனையும் கழற்றி, மீட்டரை வைத்து ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகுதான் போர்டில் திருகச் சொல்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: பாய்லர், பம்ப், வால்வு, டைமர் எல்லாவற்றுக்கும் மின்சாரம் 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒரே ஒரு ஸ்பர் சுவிட்சில் இருந்துதான் வர வேண்டும். அதை அணைத்தால் எல்லாம் செத்துவிட வேண்டும். டைமரை மட்டும் பக்கத்து பிளக்கில் இருந்து எடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், பாய்லரை அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைப்பவருக்கு அந்த ஒயரில் ஆபத்து காத்திருக்கிறது. சென்சார் ஒயரையும் 230 வோல்ட் ஒயரையும் ஒரே குழாயில், ஒரே கட்டில் சேர்த்து இழுக்கவும் கூடாது. பம்ப் ஆன் ஆகும்போதெல்லாம் சென்சார் அளவு துள்ளும், அதைவிட முக்கியமாக, ஒன்றின் தோல் உரிந்தால் மற்றதிலும் மின்சாரம் ஏறும்.

வெளிச் சுவர் சென்சார்

மூன்றாமவர் சொன்னது இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வெளியே எவ்வளவு குளிர் என்று பார்த்து, அதற்கு ஏற்ற சூட்டில் நீரை ஓடவிடுவது. வெளியே 10 டிகிரி என்றால் நீர் 38, பூஜ்ஜியம் என்றால் 52, என் வீட்டில் இப்போது ஓடும் கோடு அப்படி. வெளியே ஒரு டிகிரி இறங்கினால் நீர் 1.4 டிகிரி ஏறும். வீடு குளிர்ந்த பிறகு ஓடிப்போய்ச் சூடாக்குவதில்லை, குளிர் சுவரைத் தாண்டி உள்ளே வருவதற்கு முன்பே நீர் கொஞ்சம் ஏறிவிடுகிறது. ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், நாள் முழுக்க இருக்கும். கை வைத்துப் பார்த்து "இது வேலை செய்யவில்லையே" என்று என் மாமியார் இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார், அறையில் 20.5 இருந்தது.

விலை என்று பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் மலிவு, சென்சார் என்பது சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு தெர்மிஸ்டரும் சின்ன பிளாஸ்டிக் மூடியும்தான், இரண்டு ஒயர். ஆனால் உங்கள் பாய்லர் கையேடு சொல்லும் அதே சென்சார் வாங்குங்கள். 10 கிலோ ஓம் என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். 25 டிகிரியில் எல்லாம் 10 கிலோ ஓம்தான் காட்டும், அதிலிருந்து விலகப் போகப் போக ஒவ்வொரு வகையும் வேறு வேறு வேகத்தில் மாறும். ஒரு வகை 60 டிகிரியில் இரண்டரைக் கிலோ ஓம், இன்னொரு வகை மூன்று. தப்பான வகையைப் போட்டால் 60 டிகிரி நீரைப் பாய்லர் 55 என்று படிக்கும். வெளிச் சென்சாரில் அந்தத் தவறு கோட்டைக் கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் வைக்கும் சென்சாரில் அது நல்லதல்ல.

ஒயர் நீளம் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் 20 மீட்டர் போய் வந்தால் ஒன்றரை ஓம் அளவுக்குத்தான் கூடும். 10 கிலோ ஓம் தெர்மிஸ்டருக்கு அது ஒன்றுமே இல்லை, ஒரு டிகிரிக்கே நூற்றுக்கணக்கான ஓம் மாறும்.   

இடம்தான் முக்கியம். வடக்குச் சுவர், அல்லது வடமேற்கு. வெயில் படக்கூடாது, ஜன்னலுக்கு மேலே கூடாது, பாய்லர் புகைக்குழாய்க்கும் சமையலறை எக்ஸ்ஹாஸ்ட்டுக்கும் பக்கத்தில் கூடாது. நான் முதலில் வசதிக்காகத் தென்கிழக்கு மூலையில் வைத்தேன். பிப்ரவரியில் நல்ல வெயில் அடித்த ஒரு காலை, நிழலில் 6 டிகிரி, சென்சார் 16 என்றது, பாய்லர் நீரை முப்பதுக்குக் கொண்டுபோய்விட்டது. அன்று வீடு மதியம் வரை குளிர்ந்தே இருந்தது. மறு சனிக்கிழமையே வடக்குச் சுவருக்கு மாற்றினேன்.

இதற்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று ரேடியேட்டர் அளவு. ரேடியேட்டரின் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு, அதன் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகம் என்று வைத்துப் போட்டது. 55-ல் போய் 45-ல் திரும்பினால் சராசரி 50, அறை 20, வித்தியாசம் 30 தான், ரேடியேட்டர் கொடுப்பது எழுதியதில் பாதி. ஆகவே கடுங்குளிரில் சின்ன ரேடியேட்டர் உள்ள அறை பின்தங்கும், அந்த அறையில் மட்டும் இரட்டைப் பலகை ரேடியேட்டராக மாற்ற வேண்டி வரலாம். 2022 ஜூனில் இருந்து இங்கிலாந்தில் புதிதாக முழுக்கப் போடும் ஹீட்டிங் 55 டிகிரிக்கு மேல் போகாமல் ஓடும்படி அளவெடுக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது, ஆகவே இன்று ரேடியேட்டர் மாற்றினால் பெரிதாகவே போடுங்கள், பின்னால் பாய்லருக்குப் பதில் குறைந்த சூட்டு நீரில் நன்றாக ஓடும் ஹீட் பம்ப் வந்தாலும் அது உதவும்.

இரண்டாவது, நான் முன்பு சொன்ன சிலிண்டர் முடிச்சு. 38 டிகிரி நீரால் சிலிண்டர் சூடாகாது. அதனால் பாய்லருக்கு இரண்டு தனித்தனிக் கோரிக்கை போக வேண்டும், "ஹீட்டிங் வேண்டும்" என்று ஒன்று, "சிலிண்டர் வேண்டும்" என்று ஒன்று. சிலிண்டர் கேட்டால் பாய்லர் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு 70-க்கு ஏறி முதலில் சிலிண்டரை முடிக்கும், பிறகு மறுபடி கோட்டுக்கு இறங்கும். சுடுநீருக்கு முதலிடம் என்று சொல்லும் இந்த ஏற்பாட்டுக்குச் சில பாய்லர்களில் தனி முனை இருக்கிறது, சிலவற்றில் சிலிண்டர் பொந்துக்குள் வைக்கும் ஒரு சென்சாரும் இணைப்புப் பெட்டியும் வாங்க வேண்டும், சிலவற்றில் இல்லவே இல்லை. இல்லாத பாய்லரில், சிலிண்டர் வைத்த வீட்டில், வெளிச் சென்சார் போடுவதை நான் சொல்ல மாட்டேன். காம்பி என்றால் இந்தக் கவலையே இல்லை, அது குழாயைத் திறந்தால் தானே சூட்டை மாற்றிக்கொள்ளும்.

நாமே செய்வது

மச்சானுக்கு எலக்ட்ரானிக்ஸில் ஆசை உண்டு, ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டும் ரிலேயும் வைத்து நானே செய்யட்டுமா என்று கேட்டான். இதில் என் பதில் இரண்டு பாதி.

அளப்பதற்கு, தாராளமாகச் செய். டிஎஸ்18பி20 என்ற சென்சார் சில பவுண்டு, மைனஸ் 10-ல் இருந்து 85 வரை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருப்பதால் ஒரே ஒயரில் ஐந்தாறு தொங்கவிடலாம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். போலிகள் நிறைய வருகின்றன, பெயர் உள்ள கடையில் வாங்க வேண்டும். குழாயில் கட்டுவதில்தான் பொறுமை வேண்டும். நான் முதலில் 22 மில்லிமீட்டர் செம்புக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையால் இறுக்கி விட்டுவிட்டேன், பாய்லர் திரையில் 67, என் சென்சாரில் 61. குழாயின் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வெப்பம் கடத்தும் பசை தடவி, சென்சாரை நீளவாக்கில் படுக்க வைத்து, அலுமினிய டேப் சுற்றி, அதற்கு மேல் நுரை உறையை மூடினேன். 66.5 வந்தது. போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று, சிலிண்டரில் மேலே ஒன்று, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒன்று. இந்த நான்கு எண்ணும் ஒரு வாரம் ஓடினால் உங்கள் வீட்டைப் பற்றி எந்த விற்பனையாளரையும்விட உங்களுக்கு அதிகம் தெரியும்.

கட்டுப்படுத்துவதற்கு என்றால், நில். அந்தச் சென்சாருக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் ஒரு கணம் துண்டித்து வந்தால், அளந்து முடிக்கும் முன் கேட்டால் அது 85 என்று சொல்லும். அது அளவு அல்ல, அதன் தொடக்க எண். அதை நம்பும் நிரல் பாய்லரை அணைத்துவிடும், பனி விழும் இரவில் வீட்டில் ஆளில்லாமல் குழாய் உறையும். எதிர்ப்பக்கம் பார்த்தால், மலிவு ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் யார் சொன்னாலும் பாய்லர் நிற்காது. அதனால் எந்த நிரலுக்கும் மேலே, ஒயரில் வரிசையாக, நிரல் தொட முடியாதபடி இருக்க வேண்டியவை இருக்கின்றன: பாய்லரின் உயர்சூட்டுக் கட்-அவுட், சிலிண்டரின் கட்-அவுட், 230 வோல்ட் அறைத் தெர்மோஸ்டாட் ஒன்று. பம்ப் பின்னோட்டமும் அப்படித்தான். நெருப்பு அணைந்த பிறகும் பாய்லர் சில நிமிடம் பம்பை ஓட்டி உள்ளே தங்கிய சூட்டை வெளியேற்றும், அதற்கு எப்போதும் மின்சாரம் உள்ள ஒயரும், எல்லா வால்வும் மூடிய பிறகும் நீர் சுற்ற ஒரு பைபாஸும் வேண்டும். சொந்த ரிலேயால் பாய்லரின் முழு மின்சாரத்தையும் வெட்டி வெட்டிப் போடுபவர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள்.

பாய்லரின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் எதையும் தொடுவது காஸ் சேஃப் பதிவு, அதாவது காஸ் வேலை செய்வதற்கான பதிவு, உள்ளவரின் வேலை. இதில் நான் வளைந்துகொடுப்பதில்லை. ஓப்பன்தெர்ம் பாய்லர் என்றால் தெர்மோஸ்டாட்டுக்கும் பாய்லருக்கும் நடுவில் கேட்வே என்ற ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கலாம், எல்லா எண்ணும் வந்துவிடும், எதையும் திறக்கவே வேண்டியதில்லை.

அவன் வீட்டுக்கு என்ன செய்தோம்

பாய்லர் கையேட்டை எடுத்து மேசையில் விரித்தோம். எட்டு வருடப் பாய்லர். வெளிச் சென்சாருக்கு இரண்டு திருகு இருந்தது, ஓப்பன்தெர்மும் இருந்தது, ஆனால் சுடுநீருக்கு முதலிடம் கொடுக்கத் தனி இணைப்புப் பெட்டி வேண்டும் என்று 41-ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. தேடியதில் அந்தப் பெட்டி இன்னும் விற்பனையில் இருந்தது. அது கிடைத்திருக்காவிட்டால் எஸ் பிளான் போட்டு, நீரை 65-ல் வைத்து, நிறுத்தியிருப்போம், புதுச் சிலிண்டர் வரும்போது பாய்லரையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று.

கிடைத்ததால், மூன்று வாய் வால்வைக் கழற்றி எஸ் பிளானாக்கி, இரண்டு கோரிக்கையையும் பிரித்து, வெளிச் சென்சார் போட்டோம். வால்வும் 230 வோல்ட்டும் பெட்டியும் காஸ் சேஃப் பதிவு உள்ள ஒருவர் செய்தார், சென்சார் ஒயரை நாங்கள் இருவரும் ஒரு ஞாயிறு முழுக்க இழுத்தோம், பக்கவாசல் கதவுக்கு மேலே வடக்குச் சுவரில். இணைக்கும் முன் மீட்டரில் பார்த்தோம், வெளியே 4 டிகிரி, 27 கிலோ ஓம், அட்டவணையோடு ஒத்துப்போனது. ஓப்பன்தெர்ம் தெர்மோஸ்டாட்டை இப்போதைக்கு வாங்கவில்லை. ஹாலில் பழைய தெர்மோஸ்டாட்டே இருக்கிறது, 22-க்கு வைத்து, சூடு மீறினால் நிறுத்த மட்டும்.

அந்தக் கோட்டின் சாய்வை 1.6-ல் தொடங்கினோம், அதாவது வெளியே ஒரு டிகிரி இறங்கினால் நீர் 1.6 டிகிரி ஏறும்படி. ஜனவரியில் இரண்டு தடவை குறைத்து 1.3-க்கு வந்திருக்கிறான். குழந்தையின் அறை சரியாக இருக்கிறது, பின்பக்க அறை மட்டும் உறைபனி நாட்களில் 18-ஐத் தாண்டவில்லை. அங்கே இருப்பது ஒற்றைப் பலகை ரேடியேட்டர், ஏப்ரலில் மாற்றுவதாக இருக்கிறான்.